சபையார் குப்பை பொறுக்குவதில் என்ன இருக்கிறது?

ஐந்து அப்பம், இரண்டு மீன் கதை தெரியாத கிறிஸ்தவர் இருக்க மாட்டார். ஐயாயிரம் பேர் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்ற இடத்தில் பிரசங்கம் வழக்கமாக முடிந்துவிடும். யோவான் சுவிசேஷத்தில் கதை அதற்குப் பிறகும் போகிறது. "ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு, மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்" என்று இயேசு சீஷர்களிடம் சொல்கிறார். பன்னிரண்டு கூடை நிறைகிறது. அவ்வளவு பெரிய பந்தி முடிந்த புல்வெளியில் இறங்கிப் பொறுக்கியவர்கள், பின்னாளில் உலகமெங்கும் கோயில்களில் சிலை வைக்கப்பட்டவர்கள். அப்பத்தைப் பெருக்கியவர் மிச்சத்தையும் மறைய வைத்திருக்கலாமே என்று அவர்களில் யாரும் முணுமுணுத்ததாக வேதத்தில் இல்லை.

சபையார் பையும் இடுக்கியுமாகத் தெருவில் இறங்குவதைக் கிறிஸ்தவக் கடமையாகவே பார்க்கும் வழக்கம் இங்கிலாந்தில் நன்றாக வேரூன்றிவிட்டது. சனிக்கிழமை காலையிலோ, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடோ ஒரு சிறு கூட்டம் கிளம்பும். ஆளுக்கொரு நீளமான இடுக்கி. பையின் வாய் காற்றில் மூடிக்கொள்ளாமலிருக்க ஒரு பிளாஸ்டிக் வளையம். தடித்த கையுறை, தூரத்திலிருந்தே கண்ணில் படும் மஞ்சள் மேலுடுப்பு. பல ஊர்களில் இவற்றை உள்ளாட்சி மன்றமே இரவல் தரும். கட்டி வைத்த பைகளைப் பிறகு வண்டி வந்து எடுத்துப்போகும். சின்ன ஜெபம் ஒன்று, ஊசி கிடந்தால் தொடக் கூடாது என்ற எச்சரிக்கை, அப்புறம் வேலை.

கிடைப்பதெல்லாம் சாதாரணச் சரக்குதான். சிப்ஸ் பாக்கெட், பானக் குப்பி, காபிக் கோப்பையின் மூடி, நாய்க் கழிவைக் கட்டி வேலியில் தொங்கவிட்ட பை. எண்ணிக்கையில் முந்தி நிற்பது சிகரெட் துண்டு. இடுக்கிக்கு இது எளிதில் அகப்படாது. நடைபாதைக் கற்களின் இடுக்கில் மிதிபட்டு அப்பிக் கிடக்கும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதன் பஞ்சு போன்ற வடிகட்டி பார்வைக்குத்தான் பஞ்சு. உண்மையில் அது செல்லுலோஸ் அசிடேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக். மழையில் கரையாது, சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகும். இதை ஒருமுறை உட்கார்ந்து சுரண்டியவருக்கு பிளாஸ்டிக் மாசு என்ற பேச்சு அதன்பிறகு வெறும் பேச்சாக இருப்பதில்லை.

இந்தப் பழக்கத்தின் வேர் சபையில் இல்லை. 1954இல் பிரிட்டனின் கிராமப்புற மகளிர் அமைப்பான விமன்ஸ் இன்ஸ்டிடியூட் போட்ட ஒரு தீர்மானத்திலிருந்து 'கீப் பிரிட்டன் டைடி' இயக்கம் பிறந்தது. ஊரைச் சுத்தமாக வைப்பது நல்ல குடிமக்களுக்கு அழகு என்பதுதான் அதன் பேச்சு. அதில் சாமி கிடையாது. விசுவாசத்தோடு இதைக் கோத்துப் பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள். அவர்களில் முக்கியமானது 'அ ரோஷா' என்ற கிறிஸ்தவ இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. ஆங்கிலிக்கன் குருவான பீட்டர் ஹாரிஸும் நண்பர்களும் 1983இல் போர்ச்சுகலில் பறவைகளைக் கவனிக்கும் ஒரு கள நிலையமாக இதைத் தொடங்கினார்கள். 2001இல் அது இங்கிலாந்தில் கால் வைத்த இடம், இலண்டனின் மேற்கே பஞ்சாபிகளும் பிற தெற்காசியர்களும் நிறைந்த சவுத்தால். அங்கே கேட்பாரற்றுக் கிடந்த சுமார் 90 ஏக்கர் நிலம், திருட்டுத்தனமாகக் குப்பை கொட்டும் இடமாக மாறிப்போயிருந்தது. உள்ளாட்சியோடு சேர்ந்து அதை மீட்டார்கள்; 2003இல் அது மினெட் கண்ட்ரி பார்க் என்ற பூங்காவாகத் திறக்கப்பட்டது.

அந்த வேலையை முன்னின்று நடத்திய ஆயர் டேவ் புக்லெஸ், இந்தியாவில் வளர்ந்தவர். இயற்கையைப் பற்றிய தன் மனமாற்றம் ஒரு குப்பைப் பையிலிருந்து தொடங்கியதாக அவர் எழுதியிருக்கிறார். குடும்பத்தோடு சில்லித் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போனவர், அத்தனை அழகான இடத்தில் தாங்கள் சேர்த்த குப்பையை என்ன செய்வது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, 'என் உலகத்தை என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்று தேவனே கேட்பதுபோல் உணர்ந்தாராம். தரிசனம் என்றால் ஒளியும் இடியும் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இது நம்பும்படியாகவே இருக்கிறது.

2016 ஜனவரியில் இலண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தில் அ ரோஷா தொடங்கிவைத்த 'ஈகோ சர்ச்' திட்டம்தான் இதையெல்லாம் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. ஆராதனை, கட்டடம், நிலம், ஊரோடும் உலகத்தோடும் உள்ள உறவு, சபையாரின் வாழ்க்கைமுறை என்று ஐந்து பகுதிகளாகக் கேள்விகள் கேட்டு, பதிலுக்கேற்ப வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று விருது கொடுப்பார்கள். பாதிரியார்களுக்கும் மதிப்பெண் ஆசை உண்டு என்பதைப் புரிந்துகொண்ட திட்டம். ஆயிரக்கணக்கான சபைகள் சேர்ந்திருக்கின்றன.

இத்தனைக்கும் பின்னால் ஒரு குற்றச்சாட்டின் நிழல் இருக்கிறது. 1967இல் வரலாற்றாசிரியர் லின் வைட், 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், இன்றைய சுற்றுச்சூழல் நெருக்கடிக்குப் பெரும்பங்கு மேற்கத்தியக் கிறிஸ்தவத்தின் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும் என்றார். பூமியைக் கீழ்ப்படுத்தி ஆண்டுகொள்ளுங்கள் என்ற ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரம், மனிதனுக்கு எல்லாவற்றையும் உரித்துப்போட உரிமை கொடுத்துவிட்டது என்பது அவர் வாதம். பெரிய சர்ச்சை கிளம்பியது. இறையியலாளர்கள் பக்கத்தைப் புரட்டி அடுத்த அதிகாரத்தைக் காட்டினார்கள்: ஏதேன் தோட்டத்தில் மனிதன் வைக்கப்பட்டது "அதைப் பண்படுத்தவும் காக்கவும்". பதில் சரிதான். ஆனால் லின் வைட் கேட்டது வசனம் எங்கே என்று அல்ல, நடத்தை எங்கே என்று. அவரே கட்டுரையின் முடிவில் அசிசியின் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் பாதுகாவலராக்கலாம் என்று யோசனை சொன்னார்; 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் அதை அறிவித்தும்விட்டார்.

அதன்பிறகு திருச்சபைகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. ஆங்கிலிக்கன் சபைகள் தங்கள் ஊழியத்தின் அடையாளங்கள் என்று நான்கை வைத்திருந்தன. 1990இல் படைப்பைக் காப்பது ஐந்தாவதாகச் சேர்ந்தது. 1997இல் கிழக்கு மரபுவழித் திருச்சபையின் முதுபெரும் தந்தை பர்த்தலமேயு, இயற்கைக்கு எதிராகச் செய்யும் குற்றம் பாவம் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2015இல் வெளிவந்த போப் பிரான்சிஸின் 'லௌதாத்தோ சி' சுற்றுமடல், பிளாஸ்டிக்கைக் குறைப்பது, குப்பையைப் பிரிப்பது, தேவையற்ற விளக்கை அணைப்பது போன்ற சிறு செயல்களைப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது.

நம் பக்கத்துச் சபைகளில் இதற்கு எதிராக அடிக்கடி காதில் விழும் வசனம் வேறொன்று. "பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்" என்கிறது பேதுருவின் இரண்டாம் நிருபம். எரியப்போகும் வீட்டைப் பெருக்குவானேன், ஆத்துமாக்களைப் பார்ப்போம் என்பார்கள். இப்படிச் சொல்பவர்களில் யாரும் தங்கள் வீட்டு முற்றத்தைப் பெருக்காமல் விட்டதில்லை. உலகம் எரியும் என்ற நம்பிக்கை காம்பவுண்டுச் சுவருக்கு வெளியேதான் வேலை செய்கிறது. "பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது" என்ற சங்கீதத்தையும் அதே ஆராதனையில்தான் வாசிக்கிறோம்.

இதுவரை சொன்னது நல்ல பக்கம். இதற்கு ஒரு கெட்ட உறவினரும் உண்டு.

1953இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம், திருப்பி வாங்காத பாட்டில்களில் பீர் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. வீசியெறிந்த பாட்டில்கள் வயல்களில் கிடந்து மாடுகளுக்குக் கேடு என்று விவசாயிகள் புகார் சொல்லியிருந்தார்கள். அதே ஆண்டு டப்பா, பாட்டில் தயாரிக்கும் நிறுவனங்களும் பான நிறுவனங்களும் சேர்ந்து 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' என்ற அமைப்பை உருவாக்கின. குப்பை போடும் தனிமனிதனைக் கண்டிப்பதே அதன் முழுநேர வேலை. வெர்மான்ட் சட்டம் 1957இல் காலாவதியாக விடப்பட்டது. 1971இல் இந்த அமைப்பு வெளியிட்ட தொலைக்காட்சி விளம்பரம் உலகப் புகழ் பெற்றது: காரிலிருந்து வீசப்பட்ட குப்பை காலடியில் விழ, பூர்வகுடிப் பெரியவர் ஒருவர் கண்ணீர் விடுகிறார். மக்கள்தான் மாசை உண்டாக்குகிறார்கள், மக்களே அதை நிறுத்தவும் முடியும் என்று ஒரு குரல் சொல்கிறது. அழுதவர் பூர்வகுடி அல்ல, இத்தாலிய வம்சாவளி நடிகர் என்பது பிற்பாடு தெரிந்தது. பாட்டிலுக்கு முன்பணம் வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் சட்டங்களுக்கு எதிராக இதே அமைப்பு எழுபதுகளில் நின்றதும் தெரிந்தது.

தந்திரம் எங்கே என்றால், அந்த விளம்பரம் சொன்னதில் பொய் இல்லை. குப்பை போட்டவன் போட்டவன்தான். ஆனால் திருப்பித் தரவே முடியாத பாட்டிலைக் கோடிக்கணக்கில் சந்தையில் இறக்கியவனைப் பற்றிய கேள்வி அந்தக் கண்ணீரில் கரைந்துபோனது. இந்த வலையில் கிறிஸ்தவர்கள் மற்றவர்களைவிட எளிதாக விழுவார்கள். காரணம், பாவத்தைத் தனிமனிதன் கணக்கில் எழுதுவது எங்களுக்குப் பழகிய கணக்கு. ஒருவன் செய்தான், மனந்திரும்ப வேண்டும், முடிந்தது. ஆனால் திருச்சபையிலேயே இன்னொரு பேச்சும் இருக்கிறது. ஏற்பாடுகளுக்குள்ளேயே உறைந்துபோன பாவம் உண்டு, அதற்குப் 'பாவக் கட்டமைப்புகள்' என்று பெயர் என்றார் இரண்டாம் ஜான் பால், 1987இல். சிறு செயல்களைப் பாராட்டிய அதே 'லௌதாத்தோ சி'யும் சில பத்திகள் தாண்டி, சமூகப் பிரச்சினைகளைத் தனித்தனி நற்செயல்களைக் கூட்டிப்போட்டுத் தீர்க்க முடியாது, சமூகமாகச் சேர்ந்துதான் எதிர்கொள்ள முடியும் என்கிறது. முதல் பத்தியை மேற்கோள் காட்டும் பலர் இரண்டாவது வரை படிப்பதில்லை.

பிரிட்டனின் டியர்ஃபண்ட் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் படித்திருக்கிறது. 1968இல் தொடங்கிய இந்த நிறுவனம் பஞ்சம், வறுமை என்று வேலை செய்தே குப்பைக்கு வந்து சேர்ந்தது. உலகில் ஏறத்தாழ 200 கோடிப் பேருக்குக் குப்பை வண்டியே வருவதில்லை. அவர்கள் எரிக்கிறார்கள், அல்லது ஓடையில் போடுகிறார்கள். ஒழுங்காகக் கையாளப்படாத கழிவால் வளரும் நாடுகளில் ஆண்டுக்கு நான்கு லட்சம் முதல் பத்து லட்சம் பேர் சாகிறார்கள் என்று டியர்ஃபண்ட் 2019இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. மறுஆண்டு வந்த அறிக்கை, கோக்கோ கோலா, பெப்சிகோ, நெஸ்லே, யூனிலீவர் ஆகிய நான்கு நிறுவனங்களைப் பெயர் சொன்னது: இந்தியா உட்பட ஆறு நாடுகளில் மட்டும் இவற்றின் பொதிகள் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் பிளாஸ்டிக் மாசாகின்றன என்பது அதன் கணக்கு.

பொறுக்குவதும் கேள்வி கேட்பதும் ஒரே கரையில் நடந்ததைப் பார்க்க வேண்டுமானால் இங்கிலாந்து போக வேண்டாம், நீர்கொழும்பு போதும். 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியது. அதில் ரசாயனங்களோடு பிளாஸ்டிக் குருணைகளும் இருந்தன, ஏறத்தாழ 1,680 டன். வாளி, நாற்காலி, பாட்டில் எல்லாவற்றுக்கும் மூலப்பொருளான இவை பயறு அளவுதான் இருக்கும். கப்பல் மூழ்கியது; குருணைகள் மேற்குக் கரை முழுக்க ஒதுங்கின. நீர்கொழும்பைச் சுற்றியுள்ள கத்தோலிக்க மீனவ ஊர்களில் சில இடங்களில் மணலே தெரியவில்லை. மீன்பிடிக்கத் தடை வந்தது. செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின.

அந்தக் குருணையை இடுக்கியால் எடுக்க முடியாது. மணலை வாரிச் சல்லடையில் போட்டுச் சலிக்க வேண்டும். குருணையோடு சிப்பித் துண்டும் தங்கும், அதைக் கையால் பிரிக்க வேண்டும். கடற்படையும் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபையும் தொடங்கிய வேலையில் ஊர்ப் பெண்களும் உட்கார்ந்தார்கள். ஒரு அலை வந்தால் சலித்த இடத்தில் மறுபடி கிடக்கும். மாதங்கள் ஓடின, வருடங்கள் கழித்தும் தோண்டினால் கிடைத்தது. இன்னொரு பக்கம், கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித்தும் சுற்றுச்சூழல் நீதிக்கான மையமும் மற்றவர்களும் இலங்கை உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் போட்டார்கள். 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது: கப்பல் நிறுவனத் தரப்பு 100 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு தர வேண்டும். தர முடியாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. வழக்கு எப்படி முடிந்தாலும், கரையில் கிடப்பது யாருடைய சரக்கு என்ற கேள்வி சட்டப்படி எழுதப்பட்டுவிட்டது. சல்லடை பிடித்த கை மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. அந்தத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்னால் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கி, அதே மாதிரிக் குருணை கன்னியாகுமரிக் கரை வரை வந்தது. அங்கேயும் அலைவாய்க்கரையில் கோயிலும் மாதா குருசடியும் உள்ள மீனவ ஊர்கள்தான்.

தமிழ்நாட்டுச் சபைகளுக்கு இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துவரலாமா? இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தில் குப்பை பொறுக்குவது தொண்டு. சில சமயம் தண்டனையும்கூட. சிறு குற்றங்களுக்குச் சமூகப்பணி விதிக்கப்பட்டவர்கள் அங்கே தெருவில் இதே இடுக்கியோடு வேலை செய்வார்கள். 2008 முதல் அவர்களுக்கென்று எழுத்துப் பொறித்த மேலுடுப்பும் உண்டு. நம்மிடம் அது தொண்டும் இல்லை, தண்டனையும் இல்லை. பிறப்போடு ஒட்டவைத்த வேலை. தூய்மைப் பணியாளர்களில் பெரும்பகுதி அருந்ததியரும் பிற பட்டியல் சாதியினரும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய சபைகள் நம்முடையவை. அங்கே ஒரு ஞாயிறு மட்டும் புதுக் கையுறை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு, அந்தப் பைகளைத் திங்கட்கிழமை அள்ளப்போகிறவர் பெயர்கூடத் தெரியாமல் வீட்டுக்குப் போனால் அது வேடிக்கையாகத்தான் முடியும்.

ஆனால் இதே காரணத்துக்காகத்தான் இங்கே அது அங்கேயுள்ளதைவிட ஆழமாகவும் போக முடியும் என்று நினைக்கிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் அசனம் என்ற சபை விருந்து நடந்தால் ஊரே திரளும். பெரிய அண்டாக்களில் சோறு, கறிக்குழம்பு. பரிமாற இளைஞர்கள் நான் நீ என்று வாளி தூக்குவார்கள். எச்சில் இலை எடுக்கும்போது அந்தக் கூட்டத்தைக் காணோம். தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் 2019 ஜனவரி 1 முதல் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை. இருந்தும் எத்தனையோ விருந்துகளின் மறுநாள் காலை வளாகத்தில் அவைதான் பறக்கும். பெரிய வியாழனன்று கால் கழுவும் சடங்கை ஆண்டுதோறும் செய்கிற கோயிலில், கமிட்டி உறுப்பினரும் ஆயரும் இலை எடுக்க இறங்கினால், அந்தச் சடங்குக்கு என்ன அர்த்தம் என்று யாரும் தனியாகப் பிரசங்கிக்க வேண்டியதில்லை. வளாகத்தைத் தாண்டித் தெருவுக்குப் போவதாக இருந்தால், எந்த இடத்தில் எப்போது என்று அந்தத் தெருவின் தூய்மைப் பணியாளரைக் கேட்டு முடிவுசெய்யலாம். பிரிக்காமல் கட்டிய பை நேரே குப்பைமேட்டுக்குத்தான் போகும் என்பதும், அவருக்கு நகராட்சி கையுறை கொடுத்ததா என்பதும் அப்போது தெரியவரும்.

இன்னொன்று, எண்ணுவது. பையைக் கட்டுவதற்கு முன் ஒரு தார்ப்பாயில் கொட்டி, எந்த நிறுவனத்தின் பொதி எத்தனை என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. பிள்ளைகள் இதை ஆர்வமாகச் செய்வார்கள். குறித்த தாள் இருந்தால்தான் அதைக் கொண்டு யாரையாவது கேட்க முடியும்.

கேட்டால் நடக்கும் என்பதற்கு நீலகிரியே சாட்சி. காட்டில் உடைந்த மதுப் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2022 மே முதல் அங்குள்ள டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்தன. பாட்டில்களில் மிகப் பெரும்பாலானவை திரும்பி வந்தன. திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. வெர்மான்ட் விவசாயிகள் 1953இல் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான். இங்கிலாந்து தன் பான டப்பாக்களுக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கும் இப்படியொரு முன்பண ஏற்பாட்டை 2027 அக்டோபரில் தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறது. அந்த விஷயத்தில் டாஸ்மாக் ஐந்து ஆண்டு முந்திக்கொண்டது. மதுக்கடையிலிருந்து சபை பாடம் படிப்பதா என்று சங்கடப்படுகிறவர்கள் சங்கடப்படட்டும்.

பாட்டில் போன பிறகு மலைப்பாதையில் மிஞ்சிக் கிடப்பது சிப்ஸ், பிஸ்கட் உறைகள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய தாள். உருக்கிப் பிரிக்க முடியாததால் பழைய இரும்புக் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். ஐந்து ரூபாய் பாக்கெட்டுக்கு யாரும் முன்பணம் கேட்கப்போவதில்லை. தயாரித்தவரே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இந்தியாவில் இருக்கிறது. அதற்கான விரிவான வழிகாட்டுதல்கள் 2022 பிப்ரவரியில் வந்தன. அடுத்த மனு அந்த உறைகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். எண்ணிய தாளை அதோடு இணைக்கலாம்.